அடித்தும் போகாத மாசிலாமணி

சாத்தூரில் காராச்சேவுக் கடை தங்கமாரியப்பன் தன் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்த அன்று, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆட்டோவிலும் வராமல் காரிலும் வராமல் வெறும் வெயிலிலிருந்து இறங்கியவரைப் போல ஒரு மனிதர் மண்டபத்து வாசலில் வந்து நின்றார். கையில் வரிசைத் தட்டு இருந்தது, தட்டில் பட்டும் பழமும் மாமன் மாலையும் இருந்தன, வெள்ளைச் சட்டையின் நடுவே கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு மடிப்பு ஓடியது, உள்ளங்கை இரண்டிலும் குதிகால் இரண்டிலும் பத்திரிகையின் நாலு மூலைக்குத் தடவுவதுபோல மஞ்சள் தடவியிருந்தது, பக்கத்தில் போனவர்களுக்குப் புது அச்சு மையின் வாடை அடித்தது. "பொ. மாசிலாமணி, தாய்மாமன்" என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் அந்தப் பெயர் இருந்தது. உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

மணப்பெண்ணின் அம்மாவுக்குத் தனக்கு இப்படி ஓர் அண்ணன் இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் இருக்கிற அண்ணன், பத்திரிகையில் தன் பெயர் சித்தப்பா மகன் பெயருக்குக் கீழே விழுந்துவிட்டது என்று முறுக்கிக்கொண்டு வராமல் இருந்துவிட்டார், மகளுக்கு மாமன் மாலை போட ஆளில்லாமல் அவள் விடிந்ததிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பதான் வர்றதா?" என்றாள்.

"பஸ் கெடைக்கல தங்கச்சி" என்றார் மாசிலாமணி.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாலை போட்டார், பந்தியில் இலை இலையாகக் குனிந்து விசாரித்தார், சாம்பார் பத்தாமல் போகப்போகிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான், மாப்பிள்ளையின் பெரியப்பா ஏதோ மரியாதைக் குறைச்சல் என்று எழுந்தபோது கையைப் பிடித்து உட்காரவைத்தவரும் அவர்தான். மண்டபம் முழுக்க அவரை 'மாமா, மாமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒருத்திக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்த அவள் பெயர் சுடர்க்கொடி. மாசிலாமணி என்ற பெயரை அவள் புரூஃபில் சிவப்பு மையால் இரண்டு தடவை அடித்திருந்தாள்.

சுடர்க்கொடிக்குப் பிழைப்பு, பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ரொம்ப வருடம் சம்பளத்துக்கு இருந்தவள், அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிவப்புப் பேனா என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாவல், ஆய்வேடு, பள்ளி ஆண்டு மலர், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் பார்த்துக் கொடுப்பாள். "சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்கக்கா" என்பார்கள், என்னமோ அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோல. அவள் ஒரு புத்தகத்தை வரி வரியாக இழைத்துத் திருப்பித் தந்தால், எழுதியவர் அவள் எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே வைத்து, "அதெல்லாம் என் நடைம்மா" என்று அனுப்புவார். அவள் பிடித்து வெளியே போட்ட ஆயிரம் பிழை யார் கண்ணிலும் படாது, அவளை ஏமாற்றிவிட்டுத் தங்கிய ஒரு பிழைக்கு ஊரே போன் போடும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அட்டைப் படம் போட்டவர் பெயர் இருக்கும், பைண்டு செய்தவர் பெயர்கூட இருக்கும், அவள் பெயர் இருக்காது. இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனாள், கோடு போட்டால் ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்றுதான்.

அந்த மாசிலாமணி எப்படி உள்ளே வந்தார் என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. அம்பலவாணன் அச்சகத்தில் டைப் அடிக்கிற ஜெபராஜ் எந்தக் கார்டையும் புதிதாக அடிக்க மாட்டான். பழைய கார்டின் ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே பெயர்களை மாற்றிக்கொண்டே போவான். அன்றைக்கு அவன் திறந்தது அச்சகத்து மாதிரிக் கார்டை, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஆல்பத்தில் ஒட்டிவைத்திருந்ததைப் பார்த்து எப்போதோ கம்ப்யூட்டரில் ஏற்றியது. எல்லாப் பெயரையும் மாற்றிய கை தாய்மாமன் வரிசையில் ஒன்றை விட்டுவிட்டது. சுடர்க்கொடி முதல் புரூஃபிலேயே குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் 'எடுக்கவும்' என்று எழுதினாள். ஜெபராஜ் மண்டபத்து முகவரியைத் திருத்திவிட்டு இதை மறந்தான். இரண்டாம் புரூஃபிலும் அடித்தாள், இந்தத் தடவை காகிதம் கிழிகிற மாதிரி. "எக்கா, அச்சுக்குப் பிளேட் போட்டாச்சே" என்றான்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் தங்கமாரியப்பனைப் பிடித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள் உறவு இல்லை, ஆளே இல்லை, அவர் ஒரு பிழை, நான் அடித்தும் போகாமல் தங்கிய பிழை என்றாள்.

தங்கமாரியப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பேரு போட்டோம், மனுசன் வந்துட்டாருல்லம்மா. பேரு போட்டும் வராம வீட்ல உக்காந்திருக்கானே எம் மச்சினன், அவனத்தான் நீ திருத்தணும்" என்றார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு போய் மாசிலாமணிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்தது, மாசிலாமணி போகவில்லை. போவதற்கு அவருக்கு ஊர் ஏது? மண்டபத்துப் பாத்திர அறையில் படுத்துக்கொண்டார், விடிந்ததும் எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டு வாசலில் நின்றார். காது குத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார், சடங்கான பெண்ணுக்கு ஓலைக் குச்சு கட்டினார், சாவு விழுந்த துட்டி வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டார், பிரசவத்துக்கு நின்ற பெண்ணோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சொந்தத் தாய்மாமன்களிடம் இருக்கிற குணம் ஒன்றும் அவரிடம் இல்லை. கோபித்துக்கொள்ளத் தெரியாது, பழைய கதையைக் கிளறத் தெரியாது, தன் பெயர் எத்தனாவது வரியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தெரியாது. ஊர் அவரைப் பார்த்தது, தன் சொந்தக்காரர்களைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது. அம்பலவாணன் அச்சகத்துக்குக் கார்டு அடிக்க வந்தவர்கள், பேப்பர் எது, பிள்ளையார் படம் எது என்று கேட்பதற்கு முன்னால், "அந்த மாசிலாமணி மாமா பேரு கண்டிப்பா வரணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துக் கார்டில் அவர் பெயர் இருந்தால் மூன்றிலும் இருந்தார். கொஞ்சம் வெளிறிப்போய் இருந்தார், மூன்றாவது மண்டபத்தில் மைவாடை லேசாகத்தான் அடித்தது, ஆனாலும் இருந்தார்.

பிழையாலே நல்லது வருகிறது என்று ஒரு ஊர் கண்டுகொண்டால், பிழை பார்க்கிறவளை அது எங்கே வைக்கும்? கார்டுகள் சுடர்க்கொடியிடம் வருவது நின்றது. "ஒங்க கைக்குப் போனா அவரயும் எடுத்துருவீகக்கா" என்று ஜெபராஜ் நேராகவே சொன்னான். நோட்டீஸ்கள் நின்றன. தன் வம்ச வரலாற்றை ஆயிரம் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த ரிட்டயர்டு தாசில்தார் நல்லையா, பாதி பார்த்த பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "இருக்கட்டும்மா, நீ பாட்டுக்கு சுத்தம் பண்ணிட்டேன்னா யாரு வருவா? எதுலருந்தாவது ஒரு பாட்டன் எறங்கி வந்தாலும் வருவான்" என்றார். அவருடைய நிலத்து வழக்கில் சாட்சி சொல்ல ஒரு பாட்டன் தேவையாக இருந்தது.

அவள் அச்சகத்துக்கே போய்ச் சண்டை போட்டாள். அச்சகத்துக்காரர் அம்பலவாணன் அவள் அப்பா காலத்து மனிதர். சத்தம் போடுகிறவர்களை முழுக்கப் பேசவிட்டு, பிறகு காபி சொல்வார்.

"அண்ணாச்சி, அது ஒரு தப்பு. தப்ப தப்புன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இருக்கேன். என்னையவே வேணாம்ங்கீக."

"நீ சொல்றது சரிதான் தாயி. யாரு இல்லன்னா? ஆனா அந்தத் தப்பு எந்திரிச்சு நடந்து வந்து நேத்து எம் பேரனுக்குக் காய்ச்சல்னு விடிய விடிய முழிச்சிருந்துச்சு. அது மொகத்தப் பாத்து நீ தப்புன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

காபி ஆறிப்போனது. சுடர்க்கொடி நடந்தே வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தின் தட்டியில், மருந்துக் கடைப் பலகையில், லாரியின் முதுகில், எங்கு பார்த்தாலும் பிழையாகத் தெரிந்தது. எப்போதும் தெரிவதுதான், ஆனால் அன்றைக்கு அவை எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தன. என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று அவள் உரக்கவே சொன்னாள். எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி வழிவிட்டார்.

இப்படி அவள் எரிந்துகொண்டிருந்தபோதுதான் தம்பி சிதம்பரநாதன் தன் மகள் நறுமுகையின் கல்யாணக் கார்டு புரூஃபைக் கொண்டுவந்தான். நறுமுகைக்குத் தலை சீவிவிட்டது, பாடம் சொல்லிக்கொடுத்தது, பெரிய பரீட்சைக்கு முன்னால் கூடவே முழித்திருந்தது எல்லாம் அத்தைதான்; அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு. மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்காரர்கள், குடும்பம் முழுக்கத் தமிழாசிரியர்கள். "ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் மானம் போயிரும்க்கா. நீ போட்டதுதான் கடைசி. ஜெபராஜ்ட்ட அண்ணாச்சியே சொல்லிட்டாரு, எக்கா போடுற கோட்ட அப்பிடியே எறக்கணும்னு" என்றான் சிதம்பரநாதன்.

இத்தனை வருடம் அவள் கேட்கக் காத்திருந்த சொல் இது. சுடர்க்கொடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரூஃபை வாங்கினாள். பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, தம்பி பெண்டாட்டியின் ஒன்றுவிட்ட அண்ணன்மார், அவர்களுடைய சம்பந்திகள், எல்லாரும் 'திரு, திருமதி' என்று ஜோடி ஜோடியாக நின்றார்கள். தாய்மாமன் வரிசையில் பொ. மாசிலாமணி ஒற்றையாக நின்றார். அத்தை என்று ஒரு வரிசையே இல்லை. அவள் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். இல்லை.

"என் பேரு எங்கடா?"

சிதம்பரநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "எடம் இல்லக்கா. அதுவும் எல்லாரும் ஜோடியா இருக்கையில நீ மட்டும் தனியா... அவுக பக்கம் ஏன் என்னன்னு கேப்பாக. ஒனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?"

"மாசிலாமணி தனியாத்தான நிக்காரு?"

"அவரு இல்லாம கார்டு அடிச்சா ஊர் என்ன சொல்லும்?"

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். பிறகு அழுதாள், அழுது முடித்துச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். இல்லாத மனிதருக்கு இடம் இருக்கிறது, இருக்கிற எனக்கு இடம் இல்லை. இந்தத் தடவை நான் போடுகிற கோடு இறங்கும், பார்த்துக்கொள்கிறேன் என்று மூடியைத் திறந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

வாசலில் மாசிலாமணி நின்றார். அத்தனை வீட்டுக்கும் போனவர் இந்த வீட்டுக்கு மட்டும் அதுவரை வந்ததில்லை. வெயில் அவருடைய ஓரங்கள் வழியாகக் கொஞ்சம் ஊடுருவியது.

"உள்ள வரலாமா தாயி?"

அவள் நாற்காலியைக் காட்டினாள். மேசையில் கிடந்த புரூஃபை அவர் பார்த்தார், திறந்த பேனாவையும் பார்த்தார், ஆனால் பயந்த மாதிரித் தெரியவில்லை. "அதுக்குத்தான் வந்தேன்" என்று சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றினார். மார்பின் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள் ஓடின. ஒன்று மெல்லியது, ஒன்று ஆழமானது, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டது. இரண்டின் முனையிலும் விலா எலும்புப் பக்கமாக ஒரு சுழி இருந்தது, எடுத்துவிடு என்பதற்கு அவள் வழக்கமாகப் போடுகிற சுழி.

"பூனை பெறாண்டுச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "குளிக்கும்போது எரியும். மூணாவது விழுந்தா போயிருவேன், அது எனக்குத் தெரியுது. போட்ருங்க."

வாழ்நாளெல்லாம் அவள் போட்ட கோடுகள் கழித்த காகிதத்தோடு பழைய பேப்பர்காரன் சாக்குக்குப் போய்ச் சேர்ந்தவைதான். போட்ட இடத்தில் ஏறி நின்ற கோட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உள்ளேயே, சொல்லக் கூடாதுதான், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"எதுக்குப் போகணும்ங்கீக? ஊரே ஒங்களத் தலையில தூக்கி வச்சிருக்கு."

"எல்லாருக்கும் மாமன் தாயி. நான் யாருக்குப் பிள்ள?" என்று கேட்டார் மாசிலாமணி. அவருக்கு ஒரு ரேஷன் கார்டு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். மாமனுக்கு வாடை அடிப்பதையோ வெயில் ஊடுருவுவதையோ அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள். 'பொ' என்றால் பொன்னையாவாக இருக்கும் என்றார் ஒருவர், பொன்ராஜ் என்றார் இன்னொருவர், பொதிகைநாதன் என்று ஒருவர் பந்தயமே கட்டினார், கூட வந்தவர்கள் வாசலிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள். யாருடைய பொன்னையாவும் யாருடைய பொன்ராஜும் மாசிலாமணிக்குள் எதையும் அசைக்கவில்லை. "பந்தியில சோறு போடுறாக. ராத்திரி பாத்திரத்துக்கு நடுவுல படுக்கும்போது, நம்மள யாராச்சும் தேடுவாகளான்னு இருக்கு. மொத மொதல்ல என்னயப் பாத்தது நீங்கதான். அந்த எழுத்து யாருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க. இல்லன்னா அடிச்சிருங்க."

அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, சுடர்க்கொடி அச்சகத்துக்குப் போனாள். அம்பலவாணன் ஆல்பத்தை எடுத்துப் பிரித்தார். மாதிரிக் கார்டின் ஓரம் பழுத்திருந்தது.

"இது எங்கப்பா காலத்துல அச்செழுத்துக் கோத்த நம்ம சங்கரபாகம் போட்டது" என்றார். "உண்மையான பேரப் போட்டா எவனாச்சும் சண்டைக்கு வருவான்னு எல்லாமே சும்மா பேரு."

"அந்த 'பொ'?"

"பேரு மொட்டையா நிக்கக் கூடாதுன்னு போட்ட எழுத்து தாயி. கைக்குக் கெடச்சத வச்சிருப்பாரு. அதுக்குப் பின்னால ஒருத்தரும் இல்ல."

திரும்பி வரும் வழி முழுக்க அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. சங்கரபாகத்தின் மேல், ஜெபராஜின் மேல், தம்பியின் மேல், இத்தனை வருடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் அவளிடம் வேலை வாங்கிய எல்லார் மேலும். பின்னால் ஒருத்தரும் இல்லை என்று ஒரு பெயரைப் பார்த்து எவ்வளவு சுலபமாக அம்பலவாணன் சொல்லிவிட்டார்! தனக்கும் அதையேதான் தம்பி வேறு வார்த்தையில் சொன்னான் என்று வீட்டுப் படி ஏறும்போது அவளுக்குத் தோன்றியது. மாசிலாமணி மோர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"சரி. அப்ப அடிச்சிருங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

சுடர்க்கொடி புரூஃபைத் தன் பக்கம் இழுத்தாள். கார்டில் இடமே இல்லை, அது நிஜம்தான். தம்பி ஒரு மாமனையும் விடாமல் அடைத்து வைத்திருந்தான், ஒரு புது வரி நுழைய வழி கிடையாது. அவள் மாசிலாமணி என்ற பெயரின் மேல் பேனாவைக் கொண்டுபோனாள், நிறுத்தினாள், பெயருக்கு முன்னால் இருந்த ஓர் எழுத்தை மட்டும் அடித்தாள். மாசிலாமணி 'ஸ்' என்று காதுமடலைப் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் கோடு இழுத்து, ஜெபராஜுக்குக்கூடப் புரிகிற மாதிரிப் பெரிதாக, 'சு.' என்று எழுதினாள்.

அவர் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். "இது யாரு தாயி?"

"சுடர்க்கொடி."

"அது ஒங்க பேருல்லா?"

"ஆமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒங்கள விட வயசு கூட இருக்கும் போலயே."

"இருந்துட்டுப் போகட்டும். ஒங்கள மொதல்ல வாசிச்சது நான், அடிச்சதும் நான். வேற எவ வருவா?"

மாசிலாமணி அழ ஆரம்பித்தார். கண்ணீரில் மை கரைந்துவிடப் போகிறதே என்று அவள் ஒற்றுத்தாளைத் தேடினாள், அது எந்தக் காலத்திலோ தீர்ந்துபோயிருந்தது, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, போட்ட திருத்தம் போட்டபடியே இறங்கியது. கார்டு ஊருக்குள் போனதும் போன் அடிக்க ஆரம்பித்தது. இத்தனை வருடம் எதையுமே கவனிக்காத மனிதர்கள் எல்லாரும் இதைக் கவனித்துவிட்டார்கள். "மாமா இனிசியல் தப்பா விழுந்திருச்சேக்கா" என்று தங்கமாரியப்பன் கடையிலிருந்து, நல்லையா வீட்டிலிருந்து, பேர் தெரியாதவர்கள் பேர் தெரியாத ஊர்களிலிருந்து. கடைசியில் தம்பியே வந்தான், மூச்சு வாங்க. "மதுரைக்காரங்க முன்னால என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? 'பொ' இருந்த எடத்துல 'சு' விழுந்திருக்கு!"

"விழல. நான் போட்டேன்" என்றாள் சுடர்க்கொடி. "நான் போட்டதுதான கடைசின்ன?"

மாமாவுக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பெங்களூரில் வேலை பார்க்கிற நறுமுகை மட்டும் வேறு மாதிரிப் பேசினாள். "அத்த, அப்பா கார்டு அனுப்புனதும் ஒன்னையத்தான் தேடுனேன். எல்லாப் பேரும் படிச்சிட்டேன், இல்ல. அப்பாட்டச் சண்டை போட்டேன். அப்புறம் திரும்ப மொதல்லருந்து படிச்சேன்" என்று நிறுத்தினாள். "மாமா பேருக்கு முன்னால உக்காந்திருக்க."

சுடர்க்கொடி போனை வைத்தாள். ஒரு வரியை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிற ஆள் ஒருத்தி இந்த உலகத்தில் இருக்கிறாள், அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான் என்று நினைத்து அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

கல்யாணத்தன்று மைக் பிடித்தவர் பழக்க தோஷத்தில், "இப்போது மணமகளுக்கு மாமன் மாலை அணிவிக்க, தாய்மாமன் பொ. மாசிலாமணி அவர்கள்" என்றார். மாசிலாமணி மேடையில் ஏறினார், மாலையைப் போடுவதற்கு முன்னால் மைக்கை வாங்கினார். யாரிடமும் எதற்கும் மறுத்துப் பேசியறியாத மனிதர். "ஒரு திருத்தம்" என்றார். "சு. மாசிலாமணி. சுடர்க்கொடி மகன்."

மண்டபம் ஒரு நிமிடம் யோசித்தது. "சுடர்க்கொடிக்கு இம்புட்டுப் பெரிய பையனா?" என்று ஒருத்தி கேட்டாள். "படிச்ச பிள்ள, எதுலயும் வேகம்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கார்டைப் பிரித்துப் பார்த்தார்கள், அச்சில் 'சு' இருந்தது, பிறகு கேட்க என்ன இருக்கிறது? மதுரைத் தமிழாசிரியர்களும் கார்டில் ஒரு பிழையும் இல்லை என்று மெச்சிக்கொண்டார்கள். முறை என்று ஒன்று உண்டே, அதை மட்டும் யாரும் விடவில்லை. தாய்மாமனைப் பெற்றவள் மணப்பெண்ணுக்கு அம்மாச்சி, மணப்பெண்ணின் அப்பாவுக்கு மாமியார். அவள் ஆசீர்வாதம் இல்லாமல் தாலி எப்படிக் கட்டுவது? அத்தையாக இடமில்லாமல் போனவளை அம்மாச்சியாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். நறுமுகை சிரித்துக்கொண்டே காலில் விழுந்தாள். சிதம்பரநாதன் சிரிக்காமல் விழுந்தான். சுடர்க்கொடி தம்பியின் தலையில் கையை வைத்து, எழுந்திரு என்று சொல்லாமல், எடுக்கவேண்டிய நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தாள். இத்தனைக்கும் அவள் வயிற்றெரிச்சல் முழுக்க ஆறவில்லை, ஆறும் என்றும் அவள் நம்பவில்லை.

மேளம் கொட்டியது. மகனும் அவளும் ஓரமாக ஒதுங்கி, மணமக்களின் பின்னால் மேடை அகலத்துக்குக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பி நின்றார்கள். ஃப்ளெக்ஸின் புரூஃபை யாரும் அவளிடம் காட்டவில்லை. சின்ன வேலைதானே என்று இருந்திருப்பார்கள்.

மாசிலாமணி அவள் காதுப் பக்கம் குனிந்தார். "அம்மா, மூணாவது வரி."

"பாத்தேன்டா" என்றாள் சுடர்க்கொடி. "பேசாம நில்லு."